பிறந்த இன்ஜின்

சங்கிலியில் தொங்கிய இன்ஜின் பிளாக்கை இடது கையால் தாங்கிக்கொண்டு, வலது கையால் சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார் ஃப்ளோரியன் க்ரூபா. பிளாக், இரும்பைச் சீவும் மில்லிங் மெஷினின் மேடையில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. வெளியே மார்ச் மாதப் பனி அழுக்கேறிக் கிடந்தது. ஏரிக் காற்று பட்டறையின் தகரக் கதவை விட்டுவிட்டு உலுக்கியது. எண்ணெய் அடுப்பு காலையிலிருந்து எரிந்தும் இரும்பைத் தொட்டால் விரல் விறைத்தது.

அது ஓர் அறுபத்தொன்பதாம் வருட செவெல் காரின் இன்ஜின். கார் சால் பெல்லாவியாவுடையது. நகராட்சியில் தண்ணீர்க் குழாய் பதிக்கிற வேலை அவருக்கு. இருபது வருடமாகப் போர்வை போட்டு மூடி, கம்பெனி எப்படிக் கொடுத்ததோ அப்படியே வைத்திருந்த வண்டியை, ஓய்வுபெறும் வருடத்தில் கொஞ்சம் துள்ள வைக்கலாம் என்று ஆசைப்பட்டுக் கொண்டுவந்து விட்டிருந்தார். பெரிய கார்பரேட்டர், அதற்கு அடியில் அலுமினியத்தில் காற்றுக் குழல், அகலமான புகைக் குழாய்கள், புது கேம்ஷாஃப்ட், பின் அச்சுக்கு வேறு பல்சக்கரம். எல்லாமே திருகிப் பூட்டுகிற சாமான்கள். வேண்டாமென்றால் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டிவிடலாம். அதற்காகவே கழற்றிய சாமானை யாரும் தூக்கி எறிவதில்லை. செய்தித்தாளில் சுற்றி, பெயர் எழுதி, பெட்டியில் வைத்து வண்டிக்காரரிடமே கொடுத்துவிடுவார்கள்.

ஆனால் இன்ஜினைப் பிரித்தபோது பிளாக்கை மூடும் வலப்பக்க ஹெட்டின் ஓரமாகத் தண்ணீர் கசிந்திருந்தது தெரிந்தது. ஹெட் உட்காரும் பிளாக்கின் முகம் லேசாக வளைந்திருந்தது. பட்டறை முதலாளி டுவேன் ஹாஸ்கெட் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் சீவிடு. கம்ப்ரெஷனும் ஏறும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஃப்ளோரியன் துணியால் பிளாக்கைத் துடைத்தார். வலப்பக்க முகத்தின் முன் ஓரத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு திட்டு. அதில் கோணலாக, ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலாகவும் விழுந்திருந்தது எண். அந்த இன்ஜின் இந்த வண்டியோடுதான் பிறந்தது என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. திட்டு முகத்தோடு ஒரே மட்டத்தில் இருந்தது. முகத்தைச் சீவினால் அதுவும் போய்விடும். அவர் எண்ணை வேலை அட்டையில் எழுதி வைத்துவிட்டு அலுவலக அறைக் கதவைத் தட்டினார்.

"டுவேன், ஒரு நிமிஷம். பிளாக்குல நம்பர் இருக்கு. சீவினா போயிடும். வண்டிக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டா நல்லது."

ஹாஸ்கெட் டெலிபோனைக் கையால் பொத்திக்கொண்டார். "அவர் வேகம் வேணும்னு வந்தவர். மியூசியத்துல வைக்கவா வந்தாரு? சீவு."

"கேட்டா ஒரு நிமிஷ வேலைதான்..."

"அடுத்த பிளாக் வாசல்ல நிக்குது ஃப்ளோரியன். மேடை காலியாகணும். சீவு."

செவெல்லின் அடியில் மல்லாந்து படுத்துப் புகைக் குழாய் பூட்டிக்கொண்டிருந்த அல்ஃபோன்சோ டிப்ஸ் தலையை மட்டும் வெளியே நீட்டினான். "என்ன பெரிசு, உள்ள போய்ப் பாட்டு வாங்கிட்டு வந்தியா?"

"சின்னப் பாட்டுதான்."

"அதைத் தடவித் தடவிப் பார்க்கிறியே. வீட்டுல சொல்லிடட்டுமா?"

"சொல்லு. அவளுக்கு நம்ப முடியாத சேதி கேட்டு ரொம்ப நாளாச்சு."

ஃப்ளோரியன் மெஷினை ஓடவிட்டார். முதல் சுற்றில் எண்ணின் விளிம்புகள் மழுங்கின. அடுத்த சுற்றில் ஈரத்தில் எழுதிய எழுத்துபோல் நிழல் மட்டும் தெரிந்தது. அதற்கடுத்த சுற்றில் அந்த இடம் புதுத் தட்டு மாதிரி பளபளத்தது. துருவல்களைத் தூரிகையால் கூட்டித் தகர வாளியில் போட்டார்.

அடுத்த வாரம் சால் பெல்லாவியா அட்டைத் தட்டில் நான்கு காப்பியோடு வந்தார். குள்ளமான, தோள் அகன்ற மனிதர். வந்ததும் தொப்பியைக் கழற்றி எல்லோருக்கும் வணக்கம் சொன்னார்.

"டோனட் எங்கே சால்?" என்றான் அல்ஃபோன்சோ.

"தவக்காலம்பா. ஈஸ்டர் வரைக்கும் இனிப்பை விட்டுட்டேன். நான் சாப்பிடாததை நீ சாப்பிடுறதைப் பார்க்கிற அளவுக்கு எனக்கு இன்னும் பக்தி வரலை."

அவர் செவெல்லைச் சுற்றி வந்தார். பளபளக்கும் புதுக் குழாய்களைக் குனிந்து பார்த்தார். "பழைய கார்பரேட்டர்?"

"பெட்டியில. பேப்பர்ல சுத்திப் பேர் எழுதிருக்கேன். திருகாணி எல்லாம் தனிப் பையில இருக்கு."

"அப்பாடா. கனெக்டிகட்ல ஒருத்தர் இந்த வண்டியை விலைக்கு விடாம கேட்டுக்கிட்டே இருக்காரு. இந்தக் கோடை முழுக்க நான் ஆசைதீர ஓட்டிடுவேன். இலை உதிர்றப்போ பழையபடி மாட்டி அவர்கிட்ட குடுத்துடுவேன். என் பொண்ணு ரெண்டு புள்ளைங்களோட என் வீட்டு ஹால்லதான் கிடக்கா. அவளுக்கு ஒரு வீடு பார்க்கணும். பிறந்த இன்ஜினோட இருக்கிற வண்டின்னாத்தான் அந்த விலை. நம்பர் பொருந்தலைன்னா பாதிகூடத் தேறாதாம்."

ஃப்ளோரியன் கையிலிருந்த காப்பியை மேசையில் வைத்தார். பிளாக் சுவரோரமாக எண்ணெய்த் துணிக்கு அடியில் இருந்தது. சால் அந்தப் பக்கம் ஓரடி எடுத்து வைப்பதற்குள் ஹாஸ்கெட் அறையிலிருந்து வெளியே வந்து அவர் தோளில் கைபோட்டார். "வாங்க சால், கேம்ஷாஃப்ட் காட்றேன்" என்று மறுபக்கம் கூட்டிப் போனார்.

சால் போனபிறகு ஹாஸ்கெட் ஃப்ளோரியனை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நாற்காலியில் உட்காராமல் ஜன்னலோரம் நின்றார். நாற்பத்தைந்து வயது. அப்பா நடத்திய பட்டறை. கொஞ்சநேரம் முகத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"நீ கேட்டே. நான் கேட்கலை. சரி, அது என் தப்பு. அதை விடு. இவர் வக்கீல்கிட்ட போனா பட்டறை போயிடும். அல்ஃபோன்சோ, ஆபீஸ்ல இருக்கிற பொண்ணு, நீ, நான் எல்லாரும் தெருவுலதான்."

"சொல்லிடலாம் டுவேன். நல்ல மனுஷனாத்தான் தெரியிறாரு."

"ஓஹையோவுல ஒருத்தன் நம்பர் பதிக்கிற இரும்பு அச்சு செஞ்சு விக்கிறான். நீ முன்னாடி இருந்த தொழிற்சாலையில வெச்சிருந்தாங்களே, அதே வடிவம். வரவழைச்சிருக்கேன்."

ஃப்ளோரியன் மூடிய கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் அடிச்சா நேரா விழும். பார்க்கிறவன் கண்டுபிடிச்சிடுவான். நீதானே ஒருதரம் சொன்னே, அந்தக் காலத்து நம்பர் ஒண்ணுகூட நேரா இருக்காதுன்னு?"

சொன்னது உண்மைதான். பத்தொன்பது வயதில் ஃப்ளோரியன் இன்ஜின் தொழிற்சாலையில் எண் அடிக்கிற இடத்தில்தான் நின்றார். இன்ஜின்கள் கொக்கியில் தொங்கிக்கொண்டு வரும். எண் அச்சை வைத்து, சுத்தியலால் ஒரே அடி. அதற்குள் அடுத்தது வந்துவிடும். வரிசை யாருக்காகவும் நிற்காது. கோணலாக அடிக்கிறாய் என்று ஃபோர்மன் அவருக்கு இரண்டு முறை எச்சரிக்கைக் காகிதம் கொடுத்தார். ஒருநாள் கூலியும் பிடித்தார்கள். இப்போது பெரிய கண்காட்சிகளில் பூதக்கண்ணாடியோடு வருகிறவர்கள் அந்தக் கோணலைத்தான் தேடுகிறார்கள்.

"அறுபத்தொன்பதுல நீ அங்கதான் இருந்தே. யாருக்குத் தெரியும், இதே பிளாக்குல நீயே அடிச்சிருக்கலாம். உன் கையெழுத்தை நீயே திரும்பப் போடுறே. அதுல என்ன தப்பு?"

"அன்னிக்கு அது நடந்ததைச் சொல்லிச்சு டுவேன். இன்னிக்கு நடந்ததை மறைக்கும்."

ஹாஸ்கெட் ஜன்னல் கண்ணாடியில் படிந்த ஆவியை விரலால் துடைத்தார். குரலைத் தணித்துக்கொண்டு ஃப்ளோரியனின் மனைவியைப் பற்றிக் கேட்டார். "லொரெய்ன் கண்ணுக்கு அடுத்த லேசர் எப்போ?"

"ஈஸ்டர் முடிஞ்சு அடுத்த வாரம்."

"நம்ம பட்டறை இன்சூரன்ஸ்லதானே?"

"ஆமா."

"திங்கக்கிழமை சொல்லு. அவசரமில்லை. நல்லா யோசி."

அல்ஃபோன்சோ தன் பழைய டிரக்கில் ஃப்ளோரியனை வீட்டில் இறக்கிவிட்டான். அலுவலக அறையின் சுவர் மெல்லியது. அவன் காதில் எல்லாம் விழுந்திருந்தது.

வாசலில் ஃப்ளோரியன் பூட்ஸைக் கழற்ற உட்கார்ந்தவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"என்ன அங்கேயே இருக்கே?" உள்ளேயிருந்து லொரெய்ன் கேட்டாள்.

"பூட்ஸ் கழட்டுறேன்."

"எத்தனை பூட்ஸ் போட்டுட்டுப் போனே?"

அவள் அடுப்படியில் முட்டைக்கோசை இலை இலையாக உரித்துக்கொண்டிருந்தாள். சர்க்கரை நோய் வலது கண்ணை முன்பே கொண்டுபோய்விட்டது. இடது கண்ணின் பின்திரையில் ரத்தக்குழாய்கள் புதிதாக முளைத்து மெலிந்து நின்றன. லேசரால் அவற்றைச் சுட்டு அடைத்துக்கொண்டே வந்தால் அந்தக் கண் தங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு முறை முடிந்திருந்தது. இன்னும் மூன்று முறை பாக்கி.

"ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்துச்சு. தேதியை உறுதி பண்ணிட்டேன்" என்றாள். "டாக்டர் சொல்றாரு, இதைத் தவறவிடக் கூடாதாம். நான் சொன்னேன், தவற விடுவேனா, சீட்டாட்டத்துல என் புருஷனை ஏமாத்துறதுக்கு ஒரு கண்ணாவது வேணும்ல."

ஃப்ளோரியன் சிரித்தார். அவள் உரித்த இலைகளை வாங்கித் தண்ணீரில் அலசினார். சாப்பிடும் முன் இருவரும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு செபித்தார்கள். ஆமென் சொன்ன பிறகும் அவர் கைகளைப் பிரிக்கவில்லை. லொரெய்ன் அதைப் பார்க்கவில்லை. உப்பை நகர்த்தி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை பங்குக் கோவிலின் கூடத்தில் மீன் வறுவல். தவக்காலம் முழுக்க வெள்ளிதோறும் ஊரே அங்கேதான் சாப்பிடும். நீளமான காகித விரிப்பு போட்ட மேசைகளில் பிள்ளைகளும் கிழவர்களும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சால் ஒரு மூலையில் தனியாக இருந்தார். ஃப்ளோரியன் தட்டோடு போய் எதிரில் உட்கார்ந்தார்.

"சால், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சாப்பிட்ட பிறகு சொல்லலாம்னு நினைச்சேன். ஆனா அதுக்குள்ள என் தைரியம் போயிடும்."

"சொல்லுங்க."

"உங்க பிளாக்குல நம்பர் இல்லை. முகத்தைச் சீவினப்போ போயிடுச்சு."

சால் முட்கரண்டியைக் கீழே வைத்தார். பக்கத்து மேசையில் யாரோ சத்தமாகச் சிரித்தார்கள்.

"யாரு சீவினது?"

"நான்தான்."

"தெரிஞ்சேவா?"

"உங்ககிட்ட கேட்கணும்னு சொன்னேன். கேட்கலை. ஆனா சீவினது என் கை. அதை வேற ஆள் மேல போட மாட்டேன்."

சால் தட்டைத் தள்ளி வைத்தார். மீனின் மேல் எண்ணெய் உறைந்து வெளுத்தது. பிறகு கையை நீட்டி ஃப்ளோரியனின் மணிக்கட்டைப் பிடித்தார். குழாய் முடுக்கி முடுக்கிக் காய்த்துப்போன கை.

"வேற எவனா இருந்தாலும் என் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டான். நீங்க எதிர்ல வந்து உக்காந்து சொல்றீங்க." அவர் மூக்கை உறிஞ்சினார். "என் பொண்ணுகிட்ட என்ன சொல்றதுன்னுதான் தெரியலை. பரவாயில்லை. உங்களுக்குத் தெரியுமா, அவ சின்ன வயசுல அந்த வண்டியோட பின் சீட்டுலதான் தூங்குவா."

எழுந்தபோது சால் இன்னொரு பொட்டலம் மீன் வாங்கிக்கொண்டு வந்து ஃப்ளோரியனிடம் நீட்டினார். "இது உங்க வீட்டம்மாவுக்கு. வேண்டாம்னு சொல்லாதீங்க."

அன்றைக்கும் மறுநாளும் ஃப்ளோரியன் நன்றாகத் தூங்கினார். ஞாயிறு திருப்பலியில் சால் நான்கு வரிசைக்கு முன்னால் மகளோடும் பேரப்பிள்ளைகளோடும் நின்றிருந்தார். சமாதானம் சொல்லிக் கைகுலுக்கும் நேரத்தில் திரும்பி இவரைத் தேடித் தலையசைத்தார்.

திங்கட்கிழமை காலை பட்டறைக்குள் நுழைந்தபோது அலுவலக அறையில் பேச்சுச் சத்தம். சால் உள்ளே இருந்தார். ஹாஸ்கெட் கதவைத் திறந்து, "வா ஃப்ளோரியன், உள்ள வா" என்றார். குரலில் பாரம் இறங்கிய தெளிவு.

சால் தொப்பியை மடியில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பார்த்தியா, ஒளிவுமறைவு ஒண்ணும் இல்லை. நீயே போய்ச் சொல்லிட்டே. அதுவும் நல்லதாப் போச்சு. நாங்க பேசி முடிச்சிட்டோம். இந்த வேலைக்கு நான் சால்கிட்ட ஒரு பைசா வாங்கப் போறதில்லை. நம்பரைப் போட்டுக் குடுத்தா போதும்னு அவரே சொல்றாரு."

ஃப்ளோரியன் சாலைப் பார்த்தார். "அப்படியா சால்?"

"அதே பிளாக்தானே ஃப்ளோரியன்?" சால் தொப்பியைப் பார்த்துப் பேசினார். "வேற இன்ஜினைக் கொண்டுவந்து வெச்சுப் பொய் நம்பர் அடிக்கச் சொல்லலை. இதே பிளாக், இதே நம்பர். இருந்ததைத் திரும்ப வைக்கிறோம். இதுல பொய் எங்க இருக்கு?"

"அப்ப அந்தக் கனெக்டிகட்காரர்கிட்ட சொல்லிடுங்க. சீவினப்போ போயிடுச்சு, திரும்ப அடிச்சோம்னு சொல்லிடுங்க. நான் இப்பவே அடிச்சுத் தர்றேன்."

"சொன்னா வாங்க மாட்டான்."

"அப்ப..."

"எவனோ ஒருத்தன்!" சால் இப்போதுதான் நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது. "அவன் ஷெட்டுல பதினோரு வண்டி நிக்குது. ஒண்ணைக்கூட ஓட்ட மாட்டான். என் பொண்ணு ஹால்ல சோபாவுல படுத்துக் கிடக்கா. நீங்களும் கஷ்டம் தெரிஞ்சவர்தானே."

ஹாஸ்கெட் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன மரப்பெட்டியை எடுத்துத் திறந்து வைத்தார். உள்ளே எண் அச்சுகள் எண்ணெய் தடவி வரிசையாக இருந்தன. மூவரும் வெளியே வந்தார்கள். அல்ஃபோன்சோ எண்ணெய்த் துணியை விலக்கிவிட்டு ஒதுங்கி நின்றான்.

ஃப்ளோரியன் பிளாக்கின் முன் நின்றார். அச்சுகளை எடுத்துப் பிடியில் கோத்தார். விரல்களே வேலையைச் செய்தன. எந்த எண் எந்தப் பக்கம் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சுத்தியலை எடுத்தபோது தோள் தானாக ஏறியது. அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் ஆஸ்பத்திரி. லொரெய்ன் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு தலையை அண்ணாந்து உட்கார்ந்திருப்பாள். ஒரே ஓர் அடி. பளபளக்கும் இரும்பில் அச்சின் நுனியை வைத்தார்.

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். அச்சுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து, பெட்டியில் அதனதன் குழியில் வைத்தார்.

"என்னால முடியலை டுவேன். மன்னிச்சுக்கங்க சால்."

சால் தொப்பியைப் போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வெளியே போனார்.

ஹாஸ்கெட் கோபப்படவில்லை. மத்தியானம் வரை காத்திருந்தார். பிறகு வந்து, "வேலை குறைஞ்சிடுச்சுன்னு எழுதித் தர்றேன். வேலையில்லாதவங்களுக்குக் குடுக்கிற உதவியாவது கிடைக்கும். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்" என்றார். கைகொடுத்தார். ஃப்ளோரியன் கையைத் துடைத்துக்கொண்டு குலுக்கினார்.

கருவிப் பெட்டியை அல்ஃபோன்சோவும் அவரும் சேர்ந்து டிரக்கில் ஏற்றினார்கள். சிவப்பு விளக்கில் நிற்கும்போது அல்ஃபோன்சோ சொன்னான்:

"அடிச்சிருக்கலாம் பெரிசு."

"ம்."

"நானா இருந்தா அடிச்சிருப்பேன். ஞாயித்துக்கிழமை எங்க சர்ச்சுல முன்வரிசையில உக்காந்து சத்தமாப் பாடவும் செஞ்சிருப்பேன்."

"உனக்கு மூணு புள்ளைங்க."

"உனக்கு ஒரு லொரெய்ன்." அவன் வண்டியை எடுத்தான். "எனக்கு உன் மேல கோவம் கோவமா வருது. ஏன்னுதான் தெரியலை."

வீட்டில் ஃப்ளோரியன், பட்டறையில் வேலை இல்லை, ஆளைக் குறைக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். உண்மையைச் சொன்னால் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். ஆனால் கண் மங்கும் ஒவ்வொரு காலையும் அதை நினைத்துக்கொள்வாள்.

"பாவம் டுவேன்" என்றாள் லொரெய்ன். "அவன் அப்பா காலத்துல அந்தப் பட்டறை எப்படி இருந்துச்சு. உன்னை அனுப்புறப்போ அவன் மனசு என்ன பாடு பட்டிருக்கும்."

மாதக் கடைசியோடு இன்சூரன்ஸ் நின்றது. முழுத் தொகையையும் தாங்களே கட்டினால் தொடரலாம் என்றார்கள். அது அவர்கள் வீட்டு வாடகையைவிட அதிகம். ஆஸ்பத்திரி தேதியை ரத்துசெய்ய லொரெய்னே போன் செய்தாள். சிரமத்துக்கு வருந்துவதாகப் போனை எடுத்த பெண்ணிடம் சொன்னாள். மாவட்டப் பொது ஆஸ்பத்திரியில் விசாரித்தார்கள். கண் பிரிவில் ஆகஸ்டுக்கு இடம் கொடுத்தார்கள். ஃப்ளோரியனுக்கு ஒரு மளிகைக் கடையில் பெட்டி இறக்குகிற வேலை கிடைத்தது. அரைநாள் வேலை. இன்சூரன்ஸ் கிடையாது. வெள்ளிக்கிழமைகளில் அல்ஃபோன்சோ வந்து, மனைவி அதிகமாகச் சமைத்துவிட்டாள் என்று சொல்லி மூடிய பாத்திரம் ஒன்றை வைத்துவிட்டுப் போவான். ஒரு வெள்ளியன்று வாசலில் நின்றபடி சொன்னான், செவெல்லின் எண்ணை ஹாஸ்கெட்டே அடித்துவிட்டாராம். பழைய இரும்புத் துண்டுகளில் நாள்கணக்காக அடித்துப் பழகினாராம்.

மே மாதம் ஒரு காலையில் லொரெய்ன் சமையலறை ஜன்னல் முன் நின்று, "ஃப்ளோரியன், கண்ணாடியில யாரோ சாயத்தை ஊத்தின மாதிரி இருக்கு. உனக்கும் தெரியுதா?" என்று கேட்டாள். ஜன்னல் சுத்தமாக இருந்தது. வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

ஜூன் இரண்டாவது ஞாயிறு, கோவில் வாகன நிறுத்தத்தில் பங்கு மக்களின் கார் கண்காட்சி. ஒவ்வொரு வருடமும் பரிசுக்கான ரிப்பன் பூக்களை லொரெய்ன்தான் தைப்பாள். வென்ற வண்டியில் அவளே கட்டியும் விடுவாள். இந்த வருடம் வேறு யாராவது செய்யட்டும் என்று அவள் சொன்னபோது பங்குப் பெண்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஒருத்தி வீட்டுக்கே வந்து ஊசியில் நூல் கோத்துக் கோத்துக் கொடுத்தாள். லொரெய்ன் விரலால் மடிப்புகளைத் தடவித் தடவித் தைத்தாள்.

ஃப்ளோரியன் அடுப்பில் சாஸேஜ் சுட்டுக்கொண்டு நின்றார். பிள்ளைகள் தட்டை நீட்டிக்கொண்டே இருந்தார்கள். எதிர் வரிசையில் சாலின் செவெல் மூடியைத் திறந்துகொண்டு நின்றது. நடுவர் குனிந்து எண்ணின் மேல் டார்ச் அடித்துப் பார்த்தார். பேனாவைக் காதில் செருகிக்கொண்டு திருப்தியாகத் தலையாட்டினார். சால் கூட்டத்துக்குப் பின்னால் பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு, அடுப்புப் பக்கம் திரும்பாமல் நின்றார்.

ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பிறந்த இன்ஜினோடு உள்ள வண்டிகளில் முதல் பரிசு, சால்வத்தோரே பெல்லாவியாவின் செவெல். வேலை செய்தது ஹாஸ்கெட் பட்டறை. எல்லோரும் கைதட்டினார்கள். சால் பேரனை இறக்கிவிட்டு, உள்ளே ஏறி இன்ஜினை ஓடவிட்டார். அகலக் குழாய்களிலிருந்து வந்த உறுமல் கோவில் சுவரில் மோதித் திரும்பியது.

லொரெய்ன் கையில் ரிப்பனோடு அந்தச் சத்தத்தை நோக்கி நடந்தாள். கூட வந்த பெண் முழங்கையைப் பிடித்திருந்தாள். வண்டிக்கு நாலடி முன்னால் ஹாஸ்கெட் வந்து அவள் கையை வாங்கிக்கொண்டார்.

"யாரு, டுவேனா?" அவள் முகம் மலர்ந்தது. "உன்னைப் பார்த்து எத்தனை நாளாச்சு. இத்தனை வருஷம் எங்களுக்குச் சோறு போட்டே. ஒரு வார்த்தை நன்றிகூடச் சொல்லலைன்னு எனக்கு மனசுல இருந்துச்சு."

ஹாஸ்கெட் அவள் விரல்களை வண்டியின் முன் கம்பிக்குக் கொண்டுபோனார். "இங்க, லொரெய்ன். சூடா இருக்கும், பார்த்து."

அவள் தடவிக் கண்டுபிடித்து, இரண்டு முடிச்சுப் போட்டு, ரிப்பனின் வால்களை நீவிவிட்டாள்.

"நீலம்தானே இது? மாத்தி சிவப்பைக் கட்டிடலையே?"

"நீலம்தான்."

அவள் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள். ஃப்ளோரியன் பார்த்துக்கொண்டிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். அவரைத் தேடித் திரும்பி, யாருமில்லாத செங்கல் சுவரைப் பார்த்துக் கையசைத்தாள்.

அடுப்பில் கொழுப்பு பற்றிக்கொண்டு எரிந்தது. ஃப்ளோரியன் இடுக்கியைத் தூக்கி அவளுக்குக் கையசைத்தார்.